பதில் சொன்ன இன்னொரு பெட்டி

என் மாமனாரின் இதயம் விஜயதசமியன்று காலை எங்கள் வீட்டு வைஃபையை விட்டுக் கழன்றுகொண்டது.

பதற வேண்டாம், நின்றுவிடவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் வந்த ஒரு வைரஸ் காய்ச்சல் அவருடைய இதயத் தசையை நாராக்கிவிட்டுப் போனது. அதன் பிறகு நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு பம்பு வைத்தார்கள். இதயம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும். ரத்தத்தைத் தள்ளுகிற வேலையெல்லாம் பம்புடையது. எந்த வேகத்தில் தள்ள வேண்டும் என்பதை ஊரின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனைக் கணினி தீர்மானிக்கும். அவர் எழுந்தால் கூட்டும், படுத்தால் குறைக்கும். கோயம்புத்தூரில் பாதி ஆயுளைப் பம்புசெட்டு செய்தே கழித்த மனிதருக்கு இது தீராத வேடிக்கை.

“நான் செஞ்ச மோட்டாரெல்லாம் கெணத்துக்குள்ள கம்முனு ஓடீட்டு இருக்குது கண்ணு. யாருகிட்டயும் கேட்டுட்டு ஓடறதில்ல. இது என்னடான்னா மூச்சுக்கு முந்நூறு தடவ ஆசுபத்திரியக் கேக்குது” என்பார்.

கேட்பதற்கு ஒரு வழிதான் உண்டு. பதிவு செய்த வீட்டின் வைஃபை. வேறு எதையும் அந்தப் பம்பு நம்பாது. என் போனிலிருந்து இணையம் கொடுத்துப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தெரு முனை வரை ஒரு நடை போய் வரும் அளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் தொடர்பு இல்லையென்றால் ‘ஓய்வு வேகம்’ என்ற நிலைக்கு இறங்கிவிடும். அந்த வேகம் படுத்திருக்கப் போதும், நடமாடப் போதாது என்று மருத்துவமனையில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்புறமும் தொடர்பு வரவில்லையென்றால் வண்டி வந்து ஆளை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் அனுமதியும் ரத்தாகும். எங்கள் தெரு பொன்னுரங்கம் வீட்டில் இணையம் மக்கர் செய்ததென்று போன வருடம் கூட்டிப் போனார்கள். இன்னும் வார்டிலிருந்து வீடியோவில் கையாட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு மருத்துவமனை தன்னுடைய பெட்டியை வாடகைக்குத் தருவதாகத்தான் சொன்னது. நான் மறுத்தேன். அந்தப் பெட்டி பம்பை மட்டும் பார்க்காது, யார் எப்போது வீட்டுக்கு வருகிறார்கள், எப்போது தூங்குகிறார்கள் என்று சகலத்தையும் மோப்பம் பிடிக்கும். ஒரு வங்கியின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்க்கிறவள் நான். என் வீட்டுக்கு நானே ஒரு ரவுட்டர் செய்ய மாட்டேனா? உள்ளங்கை அகலக் கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, பரிசோதனைக்கு வந்தவர்கள் வாயடைத்துப் போகும்படி தேர்வில் பாஸ் வாங்கிக் காட்டினேன். நான்கு வருடமாக மூச்சு விடாமல் வேலை செய்கிறது. அதனால் அன்றைக்குக் காலை மாமாவின் பம்பு ஆரஞ்சு விளக்கைக் காட்டியதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம்தான்.

மாமா அப்போதுதான் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்ப் பூஜைப் பொரி கடலை வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தார். வாசலுக்குள் வந்ததும் பம்பு வழக்கம்போல வீட்டு வைஃபையைத் தேடிப் பிடித்தது. ஆனால் அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை.

நர்ஸ் பெனிட்டாவின் போன் வந்தது. மருத்துவமனையில் எங்கள் பகுதியைக் கவனிப்பவள் அவள்தான்.

“ஓவியா மேடம், சாரோட பம்பு ஓய்வு வேகத்துக்குப் போயிருச்சு. படுக்க வைங்க, எழுந்திரிக்க விடாதீங்க. மத்தியானத்துக்குள்ள சரியாகலேன்னா வண்டி கிளம்பிரும். என் கையில ஒண்ணுமில்ல மேடம், கணினியே அனுப்பிரும்.”

மாமாவைப் படுக்கையில் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். என் மாமியார் சாந்தாமணி அறை வாசலில் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“என்ன கண்ணு ஆச்சு?”

“பம்புக்கு முகவரி கெடைக்கலீங்க அத்தை.”

“முகவரியா? நம்ம வீடு எங்கயும் போகலியே.”

எனக்கு எரிச்சல் வந்தாலும் வாய் தன்பாட்டில் விளக்கியது. “கல்யாண மண்டபத்துல பந்திக்கு ஆள் உக்கார வெப்பாங்கல்ல, அந்த மாதிரிங்க. வைஃபைக்குள்ள வர்ற ஒவ்வொரு சாமானும் ‘எனக்கு எந்த எடம்?’னு சத்தம் போட்டுக் கேக்கும். நம்ம ரவுட்டருக்குள்ள டி.எச்.சி.பி.னு ஒரு ஆள் உக்காந்திருக்கான். ‘உனக்கு இந்த எண்ணு, வெளிய போறதுன்னா இந்த வாசல்’னு அவன் சொல்லணும். சொன்னாத்தான் உக்காந்து சாப்பிட முடியும்.”

“அவன் சொல்ல மாட்டேங்கறானா?”

அதுதான் விசித்திரம். பதிவுகளைப் பார்த்தேன். பம்பு கேட்டிருந்தது. என் ஆள் ‘இந்தா, இந்த எண்’ என்று நீட்டியிருந்தான். பம்பு அதை வாங்கிக்கொள்ளாமல் போயிருந்தது. சற்று நேரம் கழித்துத் திரும்பவும் வந்து கேட்டிருந்தது. திரும்பவும் நீட்டல், திரும்பவும் போய்விடல். பக்கம் பக்கமாக இதே கூத்து.

பதில் பம்பின் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வைஃபை ஆன்டெனாவை மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். பலனில்லை. அமைப்புகளை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நான் எழுதியபடியே இருந்தன. கடைசியில் அவசரத்தில் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்தேன். பழைய முகவரிக் கணக்கை மொத்தமாக அழித்துவிட்டு ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தேன்.

அதுவரை பம்பு மட்டும்தான் வெளியே நின்றது. இப்போது வீட்டில் இருந்த எல்லாச் சாமானும் புதிதாக முகவரி கேட்க வந்தன, எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. டிவி செத்தது. சமையலறை விளக்குகள் கண் சிமிட்டின. என் லேப்டாப் மட்டும் ஜம்மென்று ஓடியது. அதற்கு நானே நிரந்தரமாக ஒரு எண் கொடுத்து வைத்திருந்ததால் அது யாரையும் கேட்பதில்லை.

“அந்த மாதிரி மாமாவுக்கும் நீயே ஒரு எண்ணக் குடுத்துரு கண்ணு” என்றார் அத்தை. கெட்டிக்காரி.

“பம்புக்குள்ள கை வெக்க நமக்கு அனுமதி இல்லீங்க அத்தை. வெச்சா அதுக்கே கேஸு போடுவாங்க.”

அத்தை உள்ளே போய்ப் பையை எடுத்து மாமாவின் வேட்டிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார். அழுகிறாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அனுமதி பறிபோனால் அதற்குக் காரணம் என்னுடைய வீம்புதான். நார்வேயில் இருக்கும் என் கணவன் அதை என்னிடம் சொல்ல மாட்டான், அத்தையும் சொல்ல மாட்டார்.

அந்த நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. மேல்தொட்டி நிரம்பினால் மோட்டாருக்குச் சொல்லி நிறுத்துகிற கருவியும் வைஃபையில்தான் இருந்தது. முகவரி கிடைக்காத வரிசையில் அதுவும் நின்றுகொண்டிருந்தது. மோட்டார் பாட்டுக்கு ஓடி, தொட்டி வழிந்து, ஜன்னலுக்கு வெளியே அருவி கொட்டியது. ஓடட்டும், தண்ணீருக்கா இப்போது அழுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

சற்று நேரத்தில் சத்தம் தானாக நின்றது. கூடவே அத்தையின் அலறல்.

“கண்ணு! மாமாவக் காணோம்!”

கட்டில் காலியாக இருந்தது. இருவரும் மாடிப்படியை நோக்கி ஓடினோம். இரண்டு மாடி ஏறினால்தான் தொட்டி. மாமா மேலே இருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார், கையில் ஒரு திருகு சாவி, முழங்கால் வரை நனைந்த வேட்டி.

“என்னங்க இது! படுத்திருக்கச் சொன்னாங்கல்லங்க! உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது?” என்று கத்தினார் அத்தை.

“தண்ணி வீணாப் போகுது. நீங்க ரெண்டு பேரும் பந்தியப் பத்திப் பேசீட்டு இருக்கறீங்க. மோட்டார் ஓடற சத்தத்தக் கேட்டுட்டு நான் எப்புடிப் படுத்துக் கெடக்கறது? வால்வச் சாத்தீட்டு, சுவிட்ச அமத்தீட்டு வந்தேன். என்ன இப்ப?”

நான் அவரைத் தோளோடு பிடித்துக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். திட்டவும் செய்தேன். மாமனாரைத் திட்டுகிற மருமகள் என்று யாரும் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவர் பொரியைக் கேட்டு வாங்கி மென்றுகொண்டே திட்டு வாங்கினார்.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பம்புக்குக் காது கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிவிக்கும், விளக்குக்கும், தொட்டிக்கும் ஒரே நேரத்தில் காது போகுமா? அவை எல்லாமே என் பதிலைத் தள்ளிவிட்டுப் போகின்றன. அப்படியானால் அவற்றுக்கு வேறு எங்கோ பதில் கிடைக்கிறது.

லேப்டாப்பின் நிரந்தர எண்ணை எடுத்துவிட்டு, அதையும் எல்லோரையும் போலக் கேட்க விட்டேன். கேட்டது. உடனே ஒரு எண் வந்தது. ஆனால் அது நான் கொடுக்கிற வரிசையைச் சேர்ந்த எண்ணே இல்லை. எங்கள் வீட்டுக்குள் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டு, என் ஆளை முந்திக்கொண்டு எல்லோருக்கும் இடம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனைப் பெட்டியை வாடகைக்கு எடுக்காத வீடுகளின் நெட்வொர்க்குக்குள் ஆள் புகுந்து வேலை காட்டுகிறார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. அந்த அந்நியன் ‘வெளியே போகும் வாசல்’ என்று சொன்ன முகவரியை உலாவியில் அடித்தேன். ஒரு பக்கம் திறந்தது. மங்கிப்போன நீல நிறம். மேலே வைஃபையின் பெயர்: ‘ஓவியா புதுவீடு’.

கல்யாணமான புதிதில் நான் வாங்கிய ரவுட்டரின் பெயர் அது. லினக்ஸ் பெட்டி வந்த பிறகு அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு மறந்தே போனேன்.

“அத்தை, பரண்ல ஒரு கறுப்புப் பெட்டி இருந்துச்சே. ரெண்டு கொம்பு வெச்சது. அது எங்கீங்க?”

அத்தை வேட்டி மடிப்பதை நிறுத்தினார். “ஆயுத பூஜைக்கு எறக்குனேன் கண்ணு. தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, உன்ற புதுப் பெட்டிக்குப் பக்கத்துல வெச்சேன். நாலு வருஷமா உன்ற பெட்டிதான மாமாவக் காப்பாத்துது. பழசும் அதே சாதிதானன்னு ரெண்டுக்கும் சேத்துக் கும்பிட்டேன்.”

“சரீங்க, கும்பிட்டீங்க. அப்புறம்?”

“விஜயதசமியன்னிக்கு எடுத்து ஓட்டோணுமில்ல? பூஜையில வெச்ச சாமான மறுநாள் ஒருக்காவாச்சும் ஓட்டாம வெக்கக் கூடாது கண்ணு. தையல் மெஷின்ல ஒரு வரி தெச்சேன். மிக்சிய ஒரு சுத்து விட்டேன். அதுக்கும் கரண்டக் குடுத்து, செவுத்துல இருந்த ஒயர எந்த ஓட்டையில போகுதோ அதுல சொருகினேன். வெளக்கு பச்சையா எரிஞ்சுது. நல்லாத்தான் இருக்குதுன்னு டிவிக்குப் பின்னால வெச்சுட்டேன்.”

டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்துகொண்டு, பச்சை விளக்கு எரிய, கேட்கிற எல்லோருக்கும் மும்முரமாக முகவரி வழங்கிக்கொண்டிருந்தது என் பழைய ரவுட்டர். கேட்பவர்களை எல்லாம் பந்திக்கு அழைத்துப் போனது, ஆனால் அது அழைத்துப் போன பந்தியில் இலையே போடவில்லை. அதற்கு வெளியே போகிற இணைப்பே கிடையாது.

ஒயரைப் பிடுங்கினேன். பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அத்தை எதற்கென்று புரியாமல் மிரண்டுபோய் நின்றார். நான் விளக்கியதும் அவர் முகம் விழுந்தது.

“அப்ப நான்தான் கெடுத்தனா?”

“இல்லீங்க அத்தை. ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரு பந்தி விசாரிச்சா கொழப்பம்தான் வரும். வேற ஒண்ணுமில்ல.” எத்தனை நிம்மதி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. என் ரவுட்டர் பழுதாகவில்லை. ஆளும் புகவில்லை. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வைஃபையை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பம்பை மறுபடி கேட்க வைத்தேன். கேட்டது. என் ஆள் நீட்டினான். இந்த முறை வாங்கிக்கொண்டது. ஆரஞ்சு விளக்கு பச்சையானது. அதே சமயம் அழைப்பு மணியும் அடித்தது.

பெனிட்டா சக்கர நாற்காலியோடு நின்றாள். “வந்திருச்சா மேடம்? ரொம்ப சந்தோஷம். ஆனா உத்தரவு வந்தாச்சு. டாக்டர் ரத்து பண்ணினாத்தான் நான் வெறுங்கையோட திரும்ப முடியும். தொடர்பு இல்லாத நேரத்துல பம்பு குறிச்சு வெச்சதெல்லாம் இப்ப ஏறிட்டிருக்கு. அதுல ஒண்ணும் தப்பா இல்லேன்னா சொல்லிப் பார்க்கறேன்.”

கையிலிருந்த திரையைப் பார்த்தாள். மேலும் கீழும் நகர்த்தினாள். பிறகு, மாமாவுக்குப் பம்பு வைத்த டாக்டர் தாஜுதீனை அழைத்தாள். ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

“பதிவுல இந்த நேரத்துல சார் என்ன பண்ணிட்டு இருந்தாரு? உடம்பு அசைவு நிறையக் காட்டுதே.”

அத்தை என்னைப் பார்த்தார். மறைத்தால் என்ன என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. ஓய்வு வேகத்தில் மாடி ஏறினார் என்று தெரிந்தால், கவனக்குறைவான வீடு என்று எழுதிவிடுவார்கள்.

மாமா படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தார். “மொட்ட மாடிக்குப் போனனுங்க டாக்டர். தொட்டி வழிஞ்சுது.”

“லிஃப்டுலயா?”

“எங்க வீட்டுல ஏதுங்க லிஃப்டு? படியேறித்தான்.”

போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

“மூச்சு வாங்குச்சா? கண்ணு இருட்டுச்சா?”

“இல்லீங்க. பொரிதான் கொஞ்சம் நமத்துப் போச்சு.”

“சார், அந்த வேகத்துல பம்பு உங்களை வாசல் வரைக்கும்கூடக் கொண்டுபோயிருக்காது” என்றார் டாக்டர். “ரெண்டு மாடி ஏறணும்னா வேற ஏதோ ரத்தத்தைத் தள்ளியிருக்கணும். பதிவுல அது தெளிவாத் தெரியுது. உங்க இதயம்தான் தள்ளியிருக்கு.”

நான் கேட்டேன். “அது செத்துப்போச்சுன்னுதானே டாக்டர் பம்பு வெச்சீங்க?”

“சாகல. களைச்சுப் போயிருந்துச்சு. ஓய்வு கிடைச்சதும் சில பேருக்குத் திரும்ப வரும். எப்ப வந்துச்சுன்னு தெரியல, ஒரு வருஷமாக்கூட இருக்கலாம்.”

“ஒரு வருஷமா எப்படித் தெரியாமப் போகும்? நொடிக்கு நொடி பாக்கறீங்களே!”

“அதனாலதான் தெரியல” என்றார். குரலில் கூச்சம் இருந்தது. “இதயம் தானா கொஞ்சம் தள்ளப் பார்த்தா, கணினி அதை ஏதோ கோளாறுன்னு நெனச்சு உடனே பம்பைக் கூட்டிரும். ஆபத்து வராமப் பாத்துக்கோன்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லியிருக்கோம். குறைச்சுப் பாருன்னு சொல்லல. குறைச்சு ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்றது?”

“அப்ப வார்டுல படுத்திருக்கறவங்க? எங்க தெரு பொன்னுரங்கம்?”

“அதைத்தான் நானும் இப்ப யோசிச்சிட்டிருக்கேன்” என்றார் டாக்டர் தாஜுதீன். நான் அந்த ஆளை மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனாலும் யோசிக்கிறேன் என்றாவது சொன்னாரே என்று இருந்தது.

வண்டியின் உத்தரவை அவர் ரத்து செய்தார். அடுத்த வாரம் மருத்துவமனைக்கு வந்தால் பம்பைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றும், எல்லாம் சரியாக இருந்தால் கழற்றிவிடவே இடமிருக்கிறது என்றும் சொன்னார். பிறகு, “பெனிட்டா, நீங்க பக்கத்துல இருக்கும்போதே ரெண்டு நிமிஷம் குறைக்கிறேன். சார் எழுந்து நிக்கட்டும். மணிக்கட்டைப் பிடிங்க” என்றார்.

பம்பு வைத்தவர்களுக்கு நாடி இருக்காது. ரத்தம் குழாய்த் தண்ணீர் போல விட்டுவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், துடிப்பு என்று எதுவும் கையில் தட்டாது. நான்கு வருடமாக மாமாவின் கை அப்படித்தான் இருந்தது. ஆரம்பத்தில் தூக்கத்தில் அவர் கையைத் தொட்டுவிட்டுப் பயந்து எழுந்த நாட்கள் உண்டு என்று அத்தை என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மாமா எழுந்து நின்றார். பெனிட்டா மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்து, “அம்மா, நீங்களே பாருங்க” என்று அந்தக் கையை அத்தையிடம் கொடுத்தாள்.

அத்தையின் விரல்கள் முதலில் தப்பான இடத்தில் தேடின. பெனிட்டா நகர்த்தி வைத்தாள். அத்தையின் விரலடியில் நாடி தட்டியது. அத்தையைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். கையை மட்டும் அவர் விடவில்லை. மாமா பக்கத்தில் நிமிர்ந்து நின்று, தலையைக் குனிந்து மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதும், பழையபடி கூட்டிர்றேன்” என்றது ஸ்பீக்கர்.

“சித்த இருங்க டாக்டர்” என்றார் அத்தை. கண்ணீர் தாடையில் வழிந்ததைத் துடைக்கவில்லை. “இன்னுங் கொஞ்ச நேரம் அடிக்கட்டுமுங்க.”

மறுபக்கத்தில் டாக்டர் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “சரிம்மா, வெச்சுக்குங்க” என்றார்.